பாஸ் கிடைக்கவில்லை

சென்ற மாதம் ஒரு நாள், கோவில் மணி அடிப்பதற்கு முன்னரே வீட்டுத் தொலைபேசி அடித்தது. ரொறன்ரோவில் வாழும் என் அக்காவின் மகன். அங்கே அப்பொழுது முதல்நாள் மாலை. வழக்கமாக அவன் என் சுகம் கேட்டு, ஊர் மழை கேட்டு, கிணற்றுத் தண்ணீர் கேட்டு, அதன் பின்னரே விடயத்துக்கு வருவான். அன்று எடுத்த எடுப்பிலேயே சொன்னான்:

"மாமா, எனக்குப் பாஸ் தரேல்லை."

அரைத்தூக்கத்தில் இருந்த எனக்கு எந்த ஆண்டில் இருக்கிறேன் என்பது ஒரு கணம் விளங்கவில்லை. "ஆர் தரேல்லை? பிணை நிண்ட ஆள் கையெழுத்து வைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அவன் சொன்ன பாஸ் வேறு. எல்லையை அடிக்கடி கடப்பவர்களுக்கு மேலைநாடுகள் வழங்கும் விரைவு அட்டை பற்றி வெளிநாட்டு வாசகர்கள் நன்கு அறிவர். ஊர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் 2002 முதல் நெக்சஸ் என்ற அட்டை நடைமுறையில் உள்ளது. வான்வழி வருவோருக்காக அமெரிக்கா 2008இல் குளோபல் என்ட்ரி என்ற திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவும் தன் குடிமக்களுக்காக 2024 யூன் மாதம் டில்லியில் இத்தகைய ஒன்றை ஆரம்பித்து, 2025 ஜனவரியில் சென்னை முதலிய விமான நிலையங்களுக்கு விரிவாக்கியது. அடிப்படை ஒன்றுதான். உன்னைப் பற்றிய விபரங்களை எல்லாம் முன்கூட்டியே கொடு, கைவிரல் ரேகை கொடு, உன் பழைய வாழ்க்கையை நாங்கள் துருவிப் பார்க்கிறோம், பிழை ஒன்றும் இல்லையென்றால் வரிசையில் நிற்காமல் போகலாம். நெக்சஸ் அட்டைக்கு 2024 ஒக்ரோபர் முதல் கட்டணம் 120 அமெரிக்க டொலர். அதற்கு முன்னர் 50. அட்டை ஐந்தாண்டு செல்லும். இரு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஒரு நாடு தலையசைக்காவிட்டாலும் இல்லைதான். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் கட்டிய பணம் திரும்பாது.

இலங்கைக் கடவுச்சீட்டை மட்டும் வைத்திருப்பவர் குளோபல் என்ட்ரிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அது எந்தெந்த நாட்டவர்க்கு என்ற பட்டியலில் நாங்கள் இல்லை. எங்கள் பிள்ளைகள் கனேடியராகவும் பிரித்தானியராகவும் ஆன பின்னரே இந்தக் கவலைகளுக்கு உரித்துடையவர்கள் ஆகிறார்கள்.

என் மருமகன் விண்ணப்பித்தது இவ்வகைத் திட்டங்களுள் ஒன்றுக்கு. எது என்பது இங்கு முக்கியமன்று. அவனுடைய மகள் எல்லைக்கு அப்பால் படிக்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவன் அவளுக்குச் சோறு கறி சமைத்துக் கொண்டுபோகிறான். (மனைவி காலமாகி மூன்று ஆண்டுகள். சமையலைத் தொலைபேசியில் என்னிடம்தான் கேட்டுப் பழகினான். என் சமையலின் தரம் தெரிந்தவர்கள் அந்தப் பிள்ளைக்காக இரக்கப்படலாம்.) இணையத்தில் கணக்குத் திறந்து, கடந்த சில ஆண்டுகளில் வாழ்ந்த வீடுகள், பார்த்த வேலைகள், போய்வந்த நாடுகள் யாவற்றையும் எழுதிக் கொடுத்தான். பல மாதங்கள் கழித்து மின்னஞ்சல் வந்தது. உமது விண்ணப்பத்தின் நிலையில் மாற்றம் ஏற்பட்டுள்ளது, கணக்கைத் திறந்து பார்க்கவும் என்று மட்டும் அதில் இருந்தது. திறந்தான். கடவுச்சொல், தொலைபேசிக்கு வரும் இலக்கம், இன்னொரு பக்கம், அதற்குள் ஒரு கடிதம். திட்டத்தின் தகுதி விதிகளை நீர் நிறைவு செய்யவில்லை என்பதற்கு மேல் அதில் பயன்தரும் ஒரு சொல்லும் இல்லை.

"ஏனெண்டு எழுதேல்லை மாமா. நாலு தரம் வாசிச்சிட்டன். உங்களுக்கு வாசிச்சுக் காட்டட்டே?"

வாசித்துக் காட்டினான். நாற்பது ஆண்டு பத்திரிகையில் இருந்தவன் வரிகளுக்கிடையில் ஏதாவது கண்டுபிடிப்பேன் என்ற நம்பிக்கை. அந்தக் கடிதத்தில் வரிகளே குறைவு. அவற்றுக்கிடையில் எதைக் கண்டுபிடிப்பது?

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவன் கேட்டான்: "மாமா, 93இல நாங்கள் கட்டின காசாயிருக்குமோ?"

அவன் பயந்தது எதற்கு என்று எனக்கு உடனே தெரிந்தது. அந்தக் காசைக் கட்டியவன் நான்.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிய பின், யாழ்ப்பாணக் குடாநாடு 1995 வரை விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்தது. குடாநாட்டை விட்டு வெளியேற வேண்டுமானால் அவர்களிடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் என்ற ஆங்கிலச் சொல் அந்த ஐந்தாண்டில் எங்கள் ஊரில் அரிசி, மண்ணெண்ணெய் போல ஒரு வீட்டுச் சொல்லாகிவிட்டது. குடும்பம் முழுவதும் ஒன்றாகப் போக முடியாது. போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு ஓர் ஆள் பிணை நிற்க வேண்டும். பணமும் கட்ட வேண்டும். இளம் வயதினர் என்றால் இன்னும் கடினம். பாதையோ, 1991இல் ஆனையிறவுச் சண்டையோடு கண்டிவீதி அடைபட்டது; அதே ஆண்டின் பிற்பகுதியில் பூநகரி வழியும் போயிற்று. கொம்படி - ஊரியான் வழியாகச் சேற்றிலும் நீரிலும் சனம் நடந்தது. அதன் பின் கிளாலிக் கடல். இரவில் ஒரு இயந்திரப் படகின் பின்னால் வேறு படகுகளைக் கயிற்றால் தொடுத்து இழுத்துப் போவார்கள். கடற்படை கண்டால் சுடும். 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்தக் கடலில் பலர் கொல்லப்பட்டனர். மறுநாளும் சனம் பாஸ் எடுக்க வரிசையில் நின்றது.

அந்த ஆண்டு ஆவணியில் என் மருமகனுக்குப் பத்தொன்பது வயது. கொழும்பில் ஒரு சிகிச்சை என்று மனுவில் எழுதினோம். அக்கா ஒரு சோடிக் காப்பை விற்றாள். பிணை நிற்பதற்கு அத்தான் உயிரோடு இல்லை. நான் நின்றேன். மேசைக்கு அப்பால் இருந்த பொடியனுக்கு என் மருமகனின் வயதுதான் இருக்கும்.

"எப்ப திரும்புவார்?"

"ஒரு மாதத்திலை வந்திடுவான், தம்பி."

கொழும்பில் ஏஜென்சிக்காரனுக்குப் பாதிப் பணம் கொடுத்தாகிவிட்டது என்பதை நான் அறிவேன். நான் சொன்ன பொய்களில் அச்சேறாதது அது ஒன்றுதான் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அன்று வேடிக்கையாக இருக்கவில்லை. அவன் திரும்பவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். நோய் முற்றிவிட்டது, வைத்தியர் விடவில்லை என்றேன். மூன்றாம் தடவை கூப்பிடுவதற்கு முன் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வந்தது. ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. பிணை எழுதிய கொப்பிகள் எங்கே போயினவோ. பணம் கட்டியதற்குத் தந்த துண்டு மட்டும் என் றங்குப்பெட்டியோடு கைதடிக்குப் போய், 1996இல் என்னோடு திரும்பி வந்துவிட்டது.

ஒரு பாஸ் முடிந்தது, அடுத்தது தொடங்கியது. அவன் கிளாலி தாண்டி வவுனியாவுக்குப் போனவன். அந்த வவுனியாவிலேயே பின்னர் படையினரின் பாஸ் நடைமுறை வந்தது. ஒரு நாள் பாஸ், ஒரு வாரப் பாஸ், ஒரு மாதப் பாஸ் என்று எத்தனையோ வகை. நாட்டின் ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் போக, பிறந்த நாட்டிலேயே விசா. சிதம்பரபுரம் முகாமில் இருந்த ஒருவர் அதை எதிர்த்து அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். அது நடமாடும் சுதந்திரத்தை மீறும் செயல் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்திக்குத் தலைப்பு எழுதியபோது என் கை நடுங்கியது நினைவிருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் கண்டிவீதியும் திறந்தது. முகமாலையில் படையினரிடம் ஒரு பதிவு, பளையில் புலிகளிடம் இன்னொரு பதிவு. ஆனாலும் பஸ் ஓடியது. பாஸ் என்ற சொல்லைச் சின்னப் பிள்ளைகள் மறந்துபோனார்கள்.

நாலேகால் ஆண்டுதான். 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை மூண்டது. பாதை அடைபட்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் உள்ளே. பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம், காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல், இரண்டுக்கும் படைத்தரப்பின் அனுமதி தேவை. இம்முறை சனம் அதைக் 'கிளியரன்ஸ்' என்றது. எங்களுக்குப் பத்திரிகைத் தாளும் வராமல் போயிற்று. பக்கங்களைக் குறைத்துக் குறைத்து அடித்தோம். மிஞ்சிய பக்கத்தில் முதலில் இடம்பிடிப்பது கப்பல் வரும் நாள்தான்.

இனி எழுதுவதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

அக்கா 2006 தொடக்கத்தில், மகன் கனடாவுக்கு அழைப்பதற்கான அலுவல்களுக்காகக் கொழும்பு சென்று வெள்ளவத்தையில் ஓர் அறையில் தங்கினாள். பாதை அடைபட்டது. அவளால் திரும்ப முடியவில்லை. 2007 பங்குனியில் நோயுற்று வைத்தியசாலையில் சேர்த்தார்கள். நான் அனுமதிக்கு விண்ணப்பித்தேன். கிராம சேவையாளரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, வைத்தியசாலைத் தொலைநகல், எல்லாம் இணைத்தேன். அனுமதி கிடைத்தோர் பெயர்களைச் சுவரில் ஒட்டுவார்கள். முதற் கிழமை என் பெயர் இல்லை. இரண்டாம் கிழமையும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "அடுத்த கிழமை வாங்கோ" என்றார் அங்கிருந்தவர். கோபமாகச் சொல்லவில்லை, ஏளனமாகவும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

அக்கா மூன்றாம் கிழமை காலமானாள். மகன் அட்லாண்டிக் கடந்து கொழும்புக்கு வந்து கொள்ளி வைத்தான். 400 கிலோமீற்றர் தூரத்தில் இருந்த தம்பியால் போக முடியவில்லை. அந்தியேட்டி முடிந்த பின் ஒரு நாள் சுவரில் என் பெயர் இருந்தது. நான் பயணிக்கவில்லை.

மறுக்கப்பட்டதன் துயரம் ஒரு பங்கு என்றால், காரணம் தெரியாத துயரம் இன்னொரு பங்கு. பல ஆண்டுகள் நான் என்னையே விசாரணை செய்தேன். எந்தக் கட்டுரையால்? எந்தத் தலையங்கத்தால்? என் பெயரில் இன்னொருவர் இருக்கிறாரா? 1993இல் நின்ற பிணை எங்காவது ஒரு கோவையில் கிடக்கிறதா? விண்ணப்பத்தில் வீதி இலக்கத்தைப் பிழையாக எழுதினேனா? சுவரில் ஒரு வரி எழுதியிருந்தால், அது அநியாயமான வரியாக இருந்தாலும், அதோடு சண்டை பிடித்திருப்பேன். வெறும் சுவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? ஒரு கட்டத்தில், பிழை உண்மையில் என்னுடையதுதான் என்று நம்பவும் தொடங்கினேன்.

எனவே மருமகன் தொலைபேசியில் தன் வாழ்க்கையை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கியபோது, அது எங்கே போய் முடியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அவன் பயத்துக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. புலிகள் அமைப்பை அமெரிக்கா 1997இலும் கனடா 2006இலும் தடைசெய்தன. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் 'பொருள்சார் உதவி' என்றொரு பிரிவு உண்டு. தடைசெய்யப்பட்ட அமைப்புக்கு எவ்வித உதவி செய்தவரும் உள்ளே வரத் தகுதியற்றவர். துவக்கு முனையில் செய்த உதவிக்கு விலக்கு உண்டா என்ற கேள்வி இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் எழுந்தது. சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை என்று 2012இல் அங்குள்ள ஒன்பதாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. விலக்களிக்கும் அதிகாரம் அரசாங்கத்தின் கையில் உண்டு. உரிமையாகக் கேட்க முடியாது. தப்பி ஓடுவதற்காகக் கட்டிய பணமே தப்பி ஓடியவனைக் குற்றவாளியாக்கலாம் என்ற நிலை. அகதி வழக்குகளைப் பற்றி எழுதிய காலத்தில் இதை நான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"பொறு தம்பி," என்றேன். "அந்தத் திட்டத்துக்கு ஆர் ஆர் தகுதியில்லை எண்டு ஒரு பட்டியல் இருக்குமே, அதை வாசி."

இருந்தது. பொய்யான அல்லது குறைவான தகவல் தந்தவர்கள். குற்றத் தீர்ப்புப் பெற்றவர்கள், வழக்கு நிலுவையில் உள்ளவர்கள். மதுபோதையில் வாகனம் ஓட்டியதும் இதில் அடக்கம். விசாரணை ஒன்றில் சம்பந்தப்பட்டவர்கள். எந்த நாட்டிலாயினும் சுங்க, குடிவரவு, விவசாய விதிகளை மீறியவர்கள். கடைசியில், ஆபத்துக் குறைந்தவர் என்று அதிகாரிகளைத் திருப்திப்படுத்த முடியாதவர்கள். இந்தக் கடைசி வரி ஒரு பெரிய சாக்கு. அதற்குள் யாரையும் போடலாம்.

"விவசாய விதியோ..." என்று இழுத்தான். பிறகு தன்பாட்டில், "கருவாடு," என்றான்.

2015 ஜனவரியில் ஊரிலிருந்து திரும்பும்போது நடந்தது அது. முந்திய ஒக்ரோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வடக்கே வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற விதியை மீண்டும் கொண்டுவந்திருந்தார்கள். ஜனவரியில் ஆட்சி மாறிய கையோடு அது நீங்கியது. இடையில் மார்கழியில் வந்த அவன் தாயின் ஊருக்கே அனுமதிக் கடிதத்தோடுதான் வந்தான். ஓமந்தையில் காட்டினான், கீரிமலையில் தர்ப்பணம் செய்தான், திரும்பினான். போகும்போது அயல்வீட்டு மாமி கட்டிக்கொடுத்த கருவாட்டையும் முருங்கைக்காயையும் பெட்டிக்குள் வைத்தான்; விமானத்தில் தந்த படிவத்தில் உணவுப்பொருள் இல்லை என்று குறித்தான். பிடித்தார்கள். பொருளைப் பறித்து ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அதை அவன் மறந்தே போனான். வீடுகளும் வேலைகளும் நாடுகளும் எழுதிய விண்ணப்பத்தில் கருவாட்டை எழுதவில்லை.

அப்படியானால் காரணம் கருவாடா, பாஸா? எங்களுக்குத் தெரியாது. பத்து ஆண்டுக்கு முந்திய கருவாட்டை மறந்தவன், முப்பது ஆண்டுக்கு முந்திய பாஸை மறக்கவில்லை. காரணம் கேட்டதும் அவன் மனம் நேரே கிளாலிக்குத்தான் போயிற்று.

இரவு முழுவதும் இருவரும் யோசித்தோம்; அங்கே இரவு, இங்கே பகல். மறுபரிசீலனை கோரலாம். அதுவும் அந்தக் கணக்கின் ஊடாகத்தான். விளக்கம் எழுதி ஆவணங்களை இணைக்கலாம். தன்னைப் பற்றி அரசிடம் உள்ள தகவல்களைக் கேட்டுப் பெறச் சட்டமும் உண்டு. நீதியாகச் சொன்னால், எங்கள் சுவரில் இவை ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அங்கே "அடுத்த கிழமை வாங்கோ" என்று சொல்ல ஒரு மனிதர் இருந்தார். அவருக்கு முன்னால் நின்று அழலாம். நான் அழுதேன்.

பிறகு றங்குப்பெட்டியைத் திறந்தேன். 1993ஆம் ஆண்டுத் துண்டு, கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சான ஒரு பழைய பத்திரிகைக்குள் இருந்தது. மை மங்கியிருந்தாலும் தொகை தெரிகிறது. என் பெயரும் தெரிகிறது. தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். கட்டாயத்தின் பேரில் கட்டியது என்பதற்கு அதுவே சான்று என்று ஒருவர் சொல்லலாம். கட்டியது என்பதற்கே அதுதான் சான்று என்று இன்னொருவர் சொல்லலாம். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுவதா?

"வேண்டாம் மாமா. அவையள் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுவன். கேட்காமல் அனுப்பேலாது."

கருவாட்டுக்கு மட்டும் விளக்கம் எழுதினான். தமிழில் நான் சொல்லச் சொல்ல, அவன் ஆங்கிலத்தில் போட்டான். படிவத்தில் பிழையாகக் குறித்ததை ஒப்புக்கொண்டு, தண்டத்துண்டின் விபரம் சேர்த்து அனுப்பியாயிற்று. கணக்கில் நிலை 'பரிசீலனையில்' என்று மாறியிருக்கிறதாம். நாளுக்கு மூன்று தரம் திறந்து பார்க்கிறான். நானும் ஒரு காலத்தில் சைக்கிளில் போய்ப் போய்ச் சுவரைப் பார்த்தேன்.

சென்ற சனிக்கிழமை மகளிடம் சாதாரண வரிசையில் போயிருக்கிறான். ஐம்பது நிமிடம் காத்திருந்தானாம். சோற்றுப் பெட்டியையும் கறியையும் இம்முறை வாயால் சொல்லிக் காட்டியிருக்கிறான். அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, எங்கே போகிறீர், எப்போது திரும்புவீர் என்று இரண்டே கேள்வி கேட்டாராம்.

"நாளைக்கு எண்டு சொன்னன் மாமா. சொன்னபடி அடுத்த நாளே திரும்பியிட்டன்."